சிறு குழுவின் உரையாடலுக்கு எந்தச் செயலி? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாடித்தோட்டக் குழுவில் 60 பேர் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்களுக்கிடையே நல்ல பதில்கள் புதைந்துபோகின்றன. வேறு எங்கே மாறலாம்?

பதில்: வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால் உங்கள் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல, எல்லாப் பேச்சும் ஒரே வரிசையில் ஓடுவதுதான் சிக்கல். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தபோது, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கும்படி ஒருவர் எழுதியிருப்பார். அடுத்த மாதம் அதே பூச்சி வேறொருவர் மாடிக்கு வரும்போது, அந்த அளவைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். டெலிகிராம் குழுவின் அமைப்புகளில் தலைப்புகள் என்னும் வசதியை இயக்கினால், பூச்சி, விதைப் பரிமாற்றம், அரட்டை எனத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். அரட்டையை விட்டுவிடாதீர்கள், வணக்கம் சொல்பவர்களைத் தடுப்பதைவிட அவர்களுக்கென்று ஒரு திண்ணையை ஒதுக்குவது எளிது.

கேள்வி: புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய பதில்கள் தெரியுமா?

பதில்: டெலிகிராமில் நிர்வாகி அனுமதித்தால் தொடக்கத்திலிருந்தே படிக்கலாம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது இதனாலேயே பெருமளவு குறையும்.

கேள்வி: கைப்பேசி எண் அறிமுகமில்லாதவர்களுக்குத் தெரிவதைப் பெண் உறுப்பினர்கள் பலர் விரும்பவில்லை.

பதில்: நியாயமான தயக்கம். டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாதபடி மறைக்கலாம். ஆனால் அதை நிர்வாகி செய்ய இயலாது, ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் செய்துகொள்ள வேண்டும் என்பதால், அடுத்த சந்திப்பில் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்து காட்டுங்கள். டெலிகிராம் குழு உரையாடல்களுக்கு, வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் இருப்பதுபோன்ற முனைக்கு முனை மறையாக்கம், அதாவது உரையாடுபவர்களைத் தவிர செயலி நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டும் வசதி, கிடையாது. விதைப் பேச்சுக்கு அது தேவையில்லை. வங்கிக் கணக்கு விவரங்களை மட்டும் அங்கே பகிராதீர்கள்.

கேள்வி: சொந்த சர்வரில் டிஸ்கோர்ஸ் என்னும் இணையக் கலந்துரையாடல் மன்ற மென்பொருளை நிறுவினால் என்ன?

பதில்: 60 பேருக்கு வேண்டாம். மென்பொருள் இலவசமே என்றாலும், சர்வர் வாடகையையும் புதுப்பிப்புகளையும் கவனித்துக்கொள்ளும் உறுப்பினர் வெளியூர் போனால் குழுவே முடங்கிவிடும்.

கேள்வி: நிறுவனமே சேவையை மூடிவிட்டால்?

பதில்: யாஹூவின் குழு உரையாடல் சேவையான யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது, அதற்கு ஓராண்டு முன்பே பழைய பதிவுகள் தளத்திலிருந்து அகற்றப்பட்டுவிட்டன. டெலிகிராமின் கணினிச் செயலியில் குழுவின் உரையாடல் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அதைச் செய்து, குறைந்தது இருவரிடம் பிரதி இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.