பொழிமுகச் சுவர், படகு மேடை மராமத்து: கேள்வி பதில்

துறைமுகக் கட்டுமான வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக் கல் சுவர்களும் காங்கிரீட் மேடைகளும் பழசாகி வருகிற நேரம் இது. குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் குளச்சல் வரையுள்ளவர்கள் கேட்டதற்கு இங்கே பதில்.

இரயுமன்துறையிலிருந்து: அண்ணாச்சி, இந்த ஆனி ஆடியில் சுவர் முனையில் கல் சரிந்துவிட்டது. மேலே புதுக் கல் தட்டினால் நிற்குமா?

நிற்காது தம்பி. சரிந்தது மேலே தெரிகிறது, காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கும். வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், ஆறு வேகமாக வெளியேறும்போது சுவரின் அடிவாரத்து மணலை அரிக்கிறது. அடிக்கல் உருண்டு பள்ளத்தில் விழுகிறது, மேலே உள்ளது ஒவ்வொன்றாக இறங்குகிறது. புதுக் கல்லும் அதே வழியில் போகும். அதனால் முதலில் அடிவாரத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீரோட்டம் அடங்கிய நேரம் பார்த்து வள்ளத்திலிருந்து ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கலாம். சுவர் நெடுக 10 மீட்டருக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையும் சுவரோரத்திலிருந்து வெளியே 20 மீட்டர் வரை.

அப்புறம் கல்லின் எடை. அலைக்கு ஏற்ற கல் எடையைக் கணக்கிடும் ஹட்சன் சூத்திரப்படி அது அலை உயரத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 2 மீட்டர் அலைக்கு 1 டன் கல் போதுமென்றால், 3 மீட்டர் அலைக்கு ஏறக்குறைய 3.4 டன் வேண்டும். முனையில் அலை சுற்றி வந்து அடிக்கும், கல்லுக்குப் பக்கத்துணையும் குறைவு. அங்கே நடுச்சுவரைவிடப் பெரிய கல்தான் போட வேண்டும். லாரியிலிருந்து கவிழ்க்காதீர்கள். கிரேனில் ஒவ்வொன்றாக இறக்கி, பக்கத்துக் கல்லோடு மூன்று இடத்திலாவது கவ்வி உட்கார்ந்ததா என்று பாருங்கள். அதற்கு அடியில் வரும் கல், மேல் கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். ரொம்பச் சிறியதாக இருந்தால் அலை அதை இடுக்கு வழியே உறிஞ்சி எடுத்துவிடும்.

பூத்துறையிலிருந்து: டெட்ராபாட் என்கிற நாலு கால் காங்கிரீட் கட்டை போட்டுவிட்டால் மராமத்தே வேண்டாம் என்கிறார்களே?

வேண்டும். டெட்ராபாட் 1950இல் பிரான்சில் உருவானது. நான்கு கால்களும் ஒன்றையொன்று கவ்வுவதால், அதே அலைக்குக் கல்லைவிட எடை குறைவானது போதும். ஆனால் வழக்கமாக உள்ளே கம்பி வைப்பதில்லை, ஆட ஆரம்பித்தால் கால் ஒடியும். 1978இல் போர்ச்சுக்கலின் சீனெஸ் துறைமுகத்தில் 42 டன் எடையுள்ள, இதேபோல் கவ்வும் டோலோஸ் என்ற காங்கிரீட் கட்டைகளே புயலில் நொறுங்கின. மழைக்காலக் கடல் சீற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, ஒடிந்த கால்களை எண்ணுங்கள். டெட்ராபாடுக்கும் அடிவாரம் உண்டு, அதையும் அளந்து பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு காண்டிராக்டர்: மேடையின் அடியில் கம்பி வெளியே தெரிகிறது. சிமெண்ட் பூசி மூடலாமா?

மூடினால் துரு உள்ளே வளரும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். காங்கிரீட்டைப் பிளந்ததே அதுதான். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், பொத்தலாகச் சத்தம் வருகிற இடத்தையெல்லாம் உடைத்தெடுங்கள். கம்பிக்குப் பின்னாலும் ஒரு அங்குலம் எடுத்து, கம்பி பளிச்சென்று தெரிகிறவரை துருவை நீக்குங்கள். கம்பி மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேருங்கள். சுற்றியுள்ள பழைய காங்கிரீட்டில் உப்பு இருந்தால் புதுத் திட்டின் விளிம்பை ஒட்டி மறுபடி துரு பிடிக்கும். அதைத் தடுக்கக் கம்பியோடு துத்தநாகக் கட்டி கட்டுவார்கள். ஏற்ற வற்றம் படும் பகுதிக்கு ஐஎஸ் 456 (2000) என்ற இந்தியத் தரவிதி குறைந்தது எம்40 தரக் காங்கிரீட்டும், கம்பியை மூடும் காங்கிரீட் தடிப்பான கவர் 75 மி.மீ.உம் கேட்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.

பொழித் தண்ணீரில் காங்கிரீட் குழைக்கலாமா?

கூடாது. கடல் மணலும் கூடாது.

மானியத்துக்கு யாரிடம் மனு கொடுக்க?

மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மாதானே நிற்கும். அப்போதே சுவர் வேலையை முடித்துவிடலாமே?

நம் மேற்குக் கடலில் தடைக்காலம் ஜூன், ஜூலை. கடல் சீறுகிற காலமும் அதுவே. அப்போது முனையில் கிரேன் நிறுத்தினால் ஆளுக்கும் ஆபத்து. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை செய்யுங்கள்.

தூத்தூரிலிருந்து: எங்களுக்கும் கல் சரிந்திருக்கிறது, எத்தனை லோடு வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள். அளக்காமல் லோடு சொல்ல முடியாது.

வள்ளவிளையிலிருந்து: நீங்கள் சுவரைக் காப்பாற்றச் சொல்லித் தருகிறீர்கள். சுவர் வந்த பிறகு எங்கள் கரை போனது. அதை ஏன் காப்பாற்ற வேண்டும்?

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இதற்கு மறுப்பு: சுவர் இல்லையென்றால் பொழி அடைத்துக்கொள்ளும். இப்போதே முகத்தில் மணல் திட்டு. வள்ளம் கவிழ்ந்து ஆள் சாகிறது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கரையோரமாக நகரும் மணலைச் சுவர் மறிக்கிறது. ஒரு பக்கம் சேருகிறது, மறுபக்கம் பட்டினி கிடக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியது. ஆனால் சுவரை அழிய விட்டால் போன மணல் திரும்பாது. கற்கள் முகத்தில் சிதறி வள்ளத்தை உடைக்கும். செய்ய வேண்டியது, தூர்வாரிய மணலைப் பட்டினி கிடக்கும் கரையில் கொண்டுபோய்ப் போடுவது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் பம்ப் வைத்து மணலைக் குழாய் வழியே மறுகரைக்கு அனுப்புகிறார்கள். விசாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் வாரிய மணலைக் கடற்கரைக்குத் தருகிற வழக்கம் உண்டு. நம் பக்கத்தில் மணல் ஓடும் திசை பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் எந்த மாதம் எங்கே போடுவது என்பதை அளந்து முடிவு செய்ய வேண்டும். தூர்வாரும் மணல் லாரி ஏறி ஊரைவிட்டுப் போனால் இரண்டு ஊரும் சேர்ந்து தடுங்கள்.

நீரோடியிலிருந்து: அப்படியானால் எங்களுக்குக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டால் போதுமா?

அது மட்டும் போதாது. மணலும் போடாமல் வளைவு மட்டும் வைத்தால் அரிப்பு பொழியூருக்கு நகரும், அல்லது வள்ளவிளைக்கு வரும்.

இனையத்திலிருந்து: எத்தனை லோடு கல்...

அடிவாரம். அளந்துவிட்டு வாருங்கள்.

மீண்டும் இரயுமன்துறை: அளந்தோம் அண்ணாச்சி. முனையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி, மற்ற இடத்தைவிட இரண்டு பாகம் (ஏறக்குறைய 12 அடி) ஆழமாகப் பள்ளம்.

இதுதான் எனக்கு வேண்டியது. மேலே இப்போது கல் போடாதீர்கள். பள்ளத்தைச் சிறு கல்லால் நிரப்பி, அதன் மேல் பெரிய கல்லை அகலமான படுகையாகப் பரப்ப எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் மணல் அரித்தாலும் அந்தப் படுகை கூடவே இறங்கி அடிவாரத்தை மூடிக்கொள்ளும். அளந்த தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி, வரைபடத்தோடு எனக்கு அனுப்புங்கள்.