நடிகர் திலகமும் விருதுகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிவாஜி கணேசனுக்கு மத்திய அரசின் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான். ஆனால், பலரும் கவனிக்காத ஒரு விவரம் இதில் உண்டு. 'பராசக்தி' வெளிவந்தது 1952-இல். நடிப்புக்கென்று தேசிய விருது வழங்கும் வழக்கமோ 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. 'பாசமலர்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' எல்லாம் வந்துபோன பிறகே அந்த விருது பிறந்தது என்பதால், அவற்றின் பொருட்டு எவரையும் குறைகூற இயலாது.

1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' அப்படியல்ல. சீவாளியில் உதடு பதித்து, கன்னம் புடைக்க, கழுத்து நரம்பு விம்ம அவர் நாகசுரத்தை ஏந்தி நிற்கையில், காதில் விழுவது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு என்பதையே நாம் மறந்துபோகிறோம். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அப்படத்துக்குக் கிடைத்தது. சிக்கல் சண்முகசுந்தரமாகவே வாழ்ந்தவருக்கு ஒன்றுமில்லை. அது பெரும் பிழை என்றே இன்றும் கருதுகிறேன். பின்னாளில் 'தேவர் மகன்' படத்துக்காக அறிவிக்கப்பட்ட நடுவர் குழுவின் சிறப்பு விருதை அவர் ஏற்கவில்லை.

கேள்வி: அவர் பெற்ற சிறப்புகளில் எதை முதலில் வைப்பீர்கள்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: 1966-இல் பத்மஸ்ரீ, 1984-இல் பத்மபூஷண், 1995-இல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது என வரிசை நீண்டாலும், 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகப் பெற்ற சிறந்த நடிகர் விருதையே முதலில் வைப்பேன். உங்கள் ஊர்ப்பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியின் கதை அது என்பதில் உங்களுக்கும் பெருமை இருக்கும். சக்தி கிருஷ்ணசாமி எழுத, முதலில் நாடகமாக மேடையேறிய கதை அது. ஒலிபெருக்கியை நம்பாமல் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பேசிப் பழகிய மேடைக் குரல்தான், ஜாக்சன் துரையின் முன் படிப்படியாக ஏறி இடியாக முழங்குகிறது. தமிழ் தெரியாத ஒரு நகரத்தில் அந்தக் குரலுக்கும் உடல்மொழிக்கும் கிடைத்த மதிப்பு அது.

இவை அனைத்துக்கும் முந்தைய சிறப்பு ஒன்றும் உண்டு. அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி. கணேசன் என்ற இளைஞரைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். தியாகராய நகரில் அவருடைய அன்னை இல்லம் இருக்கும் தெற்குப் போக் சாலைக்குப் பின்னர் செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயரிட்டபோதும், செவாலியேவுக்கு அடுத்து நின்றது பெரியார் சூட்டிய அந்தப் பெயர்தான்.