பையனை முதலில் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தம்பி

அடுத்த மாதம் குடும்பத்தோடு கோலாலம்பூர் வருகிறீர்கள், வாடகை, சாமான், பள்ளிக்கூடம் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வழக்கமாக இரண்டு மாத வாடகையும், கரண்டு தண்ணீருக்கு அரை மாத வாடகையும் டெபாசிட் கேட்பார்கள். சாமானுக்கு, நம் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடைசியில், "ஏழு வயதாகியும் மகன் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், புது ஊர், புதுப் பள்ளி என்றால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கலாகவும் இருக்கலாம்.

2009-இல் நாங்கள் வந்தபோது என் மகனுக்கும் ஏழு வயது. வாய் திறந்தால் மணிக்கணக்கில் கதை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் வயிறு வலிக்கிறது என்பான். மேல் வரியில் வாசித்த சொல்லையே கீழ் வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல் முழிப்பான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். புத்தகத்துக்கு மலாயில் 'பூக்கு' என்று பெயர். அவன் 'டூக்கு' என்று வாசிப்பான், அது ஒரு பழம். கிழமைகளை வரிசையாகச் சொல்ல வராது. வகுப்பாசிரியை, "புது மொழி, போகப் போக வந்துவிடும்" என்றார். கண் டாக்டரிடம் காட்டினோம், குறை எதுவும் இல்லை. அப்புறம் சோம்பேறி என்று நானே திட்டினேன். இரண்டு வருடம் இப்படியே போய்விட்டது.

அப்போது செந்தூலில் இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். ஒருநாள் அவனைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். ஊரில் ஒன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவன், 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக இருப்பதைப் பார்த்துத் திணறினான். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "மரம்ல ம-வை எடுத்துட்டு க போட்டா என்ன வரும்?" என்று வாயாலேயே கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "மலாயும் இங்கிலீஷும் புதுசு, சரி. தமிழ் புதுசு இல்லையேம்மா" என்றார்.

தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். மொழி புதிது என்பதால் மட்டும் தடுமாறும் பிள்ளை, பள்ளியில் படித்த தாய்மொழியில் இப்படித் தடுமாறாது. டிஸ்லெக்சியா கண் கோளாறும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் வரும் சிக்கல் அது. குடும்ப வழியாகவும் வரும், இரண்டு பக்கமும் விசாரியுங்கள். எழுத்தைத் திருப்பி எழுதுவதை மட்டும் வைத்து பயப்படாதீர்கள், சின்ன வயதில் நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதும். இன்னொன்று, மலாய் சொல்கிறபடியே எழுதும் மொழி, பழகினால் ஆங்கிலத்தைவிட சீக்கிரம் கைவரும். அதைப் பார்த்து, கோளாறு ஆங்கிலத்தில்தான் என்று டியூஷனில் சேர்த்துவிடாதீர்கள்.

நம் ஊரிலிருந்து வந்தவர்களிடம் யோசனை கேட்டால் அபாகஸ் என்பார்கள், டியூஷன் என்பார்கள், "வெளியே சொல்லாதீங்க" என்பார்கள். இந்த மூடி மறைக்கிற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. பிள்ளையைவிட பெயர் பெரிதா? நான் மலாய் கற்றுக்கொண்டு ஒவ்வொரு படிவத்தையும் நானே நிரப்பினேன். திதிவங்சாவில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது, வந்ததும் அங்கே போய்ப் பேசுங்கள்.

அந்த அம்மா தன் பங்குக்கு தினமும் சாயங்காலம் தட்டில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே அவனை விரலால் எழுதவைத்தார். விஜயதசமிக்கு நாம் செய்கிற அதே காரியம். பல மாதம் கழித்து அவர் வீட்டு ஐந்தடியில், அதாவது வாசலை ஒட்டிய நடையில் உட்கார்ந்து, என் மகன் ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய், மூன்று பேருக்கும் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார்.