தகுதி என்ற சொல்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவள் நான். அம்மா தேயிலை பறிக்கிறார். வாராவாரம் வாந்தியோடு மலை இறங்கி, கோவையில் கோச்சிங் படித்தும் நீட்டில் 720-க்கு 298தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதச் சலுகையில் மெடிக்கல் சீட் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தகுதி இல்லையோ? அமெரிக்காவில் காலேஜில் சேர எஸ்ஏடி என்ற நுழைவுத்தேர்வு மார்க் வேண்டாம் என்கிறார்களாமே. ரிப்பீட்டராக உட்காரலாமா, ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேரலாமா?

ம.

கண்ணு,

அமெரிக்கக் கதையை விடு. கொரோனாவில் எஸ்ஏடி கேட்பதை நிறுத்திய எம்ஐடி என்ற அங்கத்துப் பெரிய பல்கலைக்கழகம், 2022-லேயே அதைத் திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

தகுதி என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. உன் மேல்தான்.

1993-ல் நானும் இதே மலையை இறங்கினேன். அப்போது மாநில நுழைவுத்தேர்வு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். வாந்திக்கு முகர்ந்துகொள்ள அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். நகக்கண்ணெல்லாம் இலைக்கறை படிந்த விரல்கள். வட்டம் வட்டமாக அச்சடித்த விடைத்தாளைத் தேர்வறையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பக்கத்துப் பையன் பென்சிலை மழுங்கலாக வைத்திருந்தான். ரெண்டே இழுப்பில் வட்டம் நிரம்பியது. நான் அப்பா சீவிக்கொடுத்த கூர் பென்சிலால் ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிச் சுற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரிசை தவறிவிட்டது. அழித்துத் திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

அந்தத் தாள் என் உயிரியலையா அளந்தது? பென்சிலை மழுக்கிக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு ஆள் இருந்ததா என்பதை அளந்தது. 2006-ல் சட்டம் போட்டு அந்தத் தேர்வை எடுத்தபோது அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். 2017-ல் நீட் வந்து சேர்ந்தது. 180 கேள்வி, மூன்று மணி நேரம், கேள்விக்கு ஒரு நிமிடம், தப்பானால் ஒரு மார்க் போகும். இது கைப்பழக்கம். பழகப் பணம் வேண்டும், கோச்சிங் சென்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். பழகு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் போய் தகுதி என்று மட்டும் சொல்லாதே.

அப்புறம், 7.5 சதவீதம் சலுகை இல்லை. 2020-ல் சட்டம் போட்டுக் கொடுத்த இடம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதானே? கிடைத்தால் கூசாமல் போய்ச் சேர்.

ரிப்பீட்டரா, பி.எஸ்சி.யா என்று கேட்டிருந்தாய். கோவையில் ஒரு வருடம் தங்கிப் படிக்க எவ்வளவு ஆகும், அம்மா என்ன சொல்கிறார், இரண்டையும் கேட்டு எழுது. பஸ்ஸில் பின்சீட்டில் உட்காராதே. முன்பக்கம், ஜன்னலோரம்.