கைமாறும் எல்.சி.: ஆவண முரண்கள் பற்றிச் சில கேள்விகள்

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட ஆவணங்கள் நிபந்தனைகளோடு பொருந்தினால் பணம் தருவதாக, வாங்குபவருக்காக ஒரு வங்கி கொடுக்கும் உறுதி. பொருந்தாமல் போவதே முரண். அந்த எல்.சி.யை இடைநிலை வியாபாரி ஒரு வங்கி மூலம் தன் சப்ளையருக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தால் அது கைமாறும் எல்.சி. பிறகு சப்ளையரின் இன்வாய்ஸுக்குப் பதிலாகத் தன் இன்வாய்ஸை வைப்பார்.

கேள்வி: நான் இடைநிலை வியாபாரி. சப்ளையரின் ஆவணங்களில் குறையே இல்லை. என் இன்வாய்ஸில் சரக்கு விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, எல்.சி.யை மாற்றிக் கொடுத்த வங்கியார் சப்ளையரின் இன்வாய்ஸையே எல்.சி. திறந்த வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: யூ.சி.பி. 600-இன் (எல்.சி.க்கான சர்வதேச விதிகள்) 38-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. சப்ளையரின் ஆவணங்களில் இல்லாத முரண் உங்கள் இன்வாய்ஸால் புதிதாக முளைத்து, திருத்தும்படி முதல்முறை கேட்டதுமே நீங்கள் திருத்தாவிட்டால், வந்ததை வந்தபடியே அனுப்ப எல்.சி.யை மாற்றிக் கொடுத்த வங்கிக்கு உரிமை உண்டு. சப்ளையரின் பெயரும் விலையும் வாங்குபவர் கண்ணில் பட்டுவிடும். உங்கள் லாபமும் கைக்கு வராது. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: உங்களைத் திருத்தச் சொன்னார்களா? சொல்லாமலே அனுப்பியிருந்தால், சண்டை போட உங்களுக்கு வழி இருக்கிறது. அடுத்த முறை, சரக்கு கப்பலேறும் முன்பே இன்வாய்ஸ் வரைவை வங்கியில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய எல்.சி.க்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் திறந்த வங்கி 'இன்சூரன்ஸ் தொகை போதாது' என்கிறது. எப்படி?

பதில்: நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மூல எல்.சி. 1,00,000 டாலர், இன்சூரன்ஸ் 110 சதவீதம் என்று வையுங்கள், தேவை 1,10,000. நீங்கள் சப்ளையருக்கு 80,000-க்கு மாற்றுகிறீர்கள், சதவீதத்தைத் தொடவில்லை. அவர் 88,000-க்கு இன்சூரன்ஸ் எடுப்பார். அவர் பக்கம் பிழையில்லை. மேலே போனதும் 22,000 குறைகிறது. 137.5 சதவீதம் என்று ஏற்றியிருக்க வேண்டும். தொகை, யூனிட் விலை, ஷிப்மென்ட் தேதி, ஆவணம் சமர்ப்பிக்கும் கெடு, எல்.சி. காலாவதி எல்லாவற்றையும் குறைக்கலாம். கூட்டலாம் என்றால் இன்சூரன்ஸ் சதவீதத்தை மட்டும்தான். மாற்று விண்ணப்பத்தை அவசரமாக நிரப்பினால் இப்படித்தான் வந்து முடியும்.

கேள்வி: நான் சப்ளையர். மூல எல்.சி.யின் கடைசி ஷிப்மென்ட் தேதியும் தாண்டிவிட்டது. 'பரவாயில்லை, ஏற்கிறேன்' என்று இடைநிலை வியாபாரி மெயில் அனுப்பியிருக்கிறார். போதுமா?

பதில்: போதாது. அவர் ஏற்றதால் திறந்த வங்கி கட்டுப்படாது. அது விரும்பினால் வாங்குபவரிடம் கேட்கும். அவர் சரி என்றாலும் மறுக்கலாம். மாற்றிக் கொடுத்த வங்கி எல்.சி.யை உறுதிப்படுத்தியிருக்காவிட்டால், அதாவது தானும் பணம் தருவதாகப் பொறுப்பேற்றிருக்காவிட்டால், தானாகப் பணம் தர அதற்குக் கடமை இல்லை. திறந்த வங்கி மறுப்பதாக இருந்தால், ஆவணம் கிடைத்த மறுநாளிலிருந்து 5 வங்கி வேலை நாட்களுக்குள், எல்லா முரண்களையும் ஒரே அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். அந்த அறிவிப்பின் தேதியைச் சரிபாருங்கள். கெடு தாண்டியிருந்தால் முரணைக் காட்டி மறுக்கும் உரிமை போய்விடும்.

கேள்வி: நேரம் மிச்சமாகும் என்று சப்ளையர் ஆவணங்களை எல்.சி. திறந்த வங்கிக்கே நேராக அனுப்பலாமா?

பதில்: கூடாது. மாற்றிக் கொடுத்த வங்கியிடம்தான் தர வேண்டும்.

கேள்வி: இரண்டு சப்ளையர்களில் ஒருவர் மட்டும் எல்.சி.யில் செய்த திருத்தத்தை ஏற்கவில்லை. என்ன ஆகும்?

பதில்: ஏற்றவருக்குத் திருத்தியபடி, ஏற்காதவருக்குப் பழையபடி. யாருடைய ஆவணத்தை எந்த நிபந்தனையோடு ஒப்பிடுவது என்று வங்கிக்குத்தான் தலைவலி.