ஆண்டீஸ் சரிவில் எலிபோல் ஓடிய பறவை எது?

கேள்வி: ஈக்வடாரில் கீட்டோவுக்கு மேற்கே, தாண்டயாபா பள்ளத்தாக்கில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு பறவையைப் பார்த்தேன். அடர்சாம்பல் நிறம், விலாவில் பழுப்பு வரிகள். மூங்கில் புதருக்குள் எலிபோல ஓடி மறைந்துவிட்டது. படம் மங்கல். போனில் குரல் மட்டும் பதிவாகியிருக்கிறது. என்ன பறவை இது?

பதில்: நீங்கள் பார்த்தது தபகூலோ என்ற, தரையோடு ஒட்டித் திரியும் சிறு பறவை; அதிலும் சைட்டாலோபஸ் (Scytalopus) என்ற பேரினம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே புதரில் திரியும் ரென் குருவிகளுக்கு முதுகு பழுப்பாகவும் கண்ணுக்கு மேல் வெளிர்கோட்டுடனும் இருக்கும்.

எந்தத் தபகூலோ என்பதுதான் சிக்கல். இந்தப் பேரினத்தில் 40க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை ஒரே சாம்பல் நிறம். இளம் பறவைகளோ பழுப்பாக, வரிவரியாக இருந்து இன்னும் குழப்பும். படம் தெளிவாக வந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது, அதற்காக வருந்தாதீர்கள். குரல் பதிவைப் பத்திரமாக வையுங்கள், இனத்தைப் பிரிக்க உதவுவது அதுதான்.

பல பாடும் பறவைகள் மூத்த பறவைகளைக் கேட்டுப் பாடக் கற்கின்றன. ஆனால் தபகூலோ சேர்ந்த பிரிவில் பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே வருகிறது, அதனால் ஓர் இனத்துக்குள் அதிகம் மாறாது. பறவையியலாளர்கள் நீல்ஸ் கிராபேயும் தாமஸ் ஷூலன்பர்க்கும் 1997இல் ஈக்வடாரின் தபகூலோக்களைப் பிரித்து 3 புதிய இனங்களை விவரித்தபோது, முக்கியமாக நம்பியது குரலைத்தான்.

அடுத்தது உயரம். மேற்குச் சரிவில் தாழ்வான காடுகளில் சோக்கோ தபகூலோ, அதற்கு மேலே நரீன்யோ, இன்னும் மேலே ஸ்பில்மன். நீங்கள் நின்ற இடம் கடைசி இரண்டும் சந்திக்கும் உயரம். சரி, இப்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எண்ணவே முடியாத வேகத்தில் நீண்ட அதிர்வாக ஓடினால் ஸ்பில்மன். வேகம் குறைந்து, ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் நரீன்யோ. கருந்தபகூலோவும் அங்கே உண்டு, ஆனால் அதன் ஆணுக்கு விலாவில் வரிகள் கிடையாது.

அப்புறம் பறவைக் குரல் பதிவுகளைத் தொகுக்கும் ஸீனோ-கான்டோ தளத்தில் இதே சரிவில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிடுங்கள். கிழக்குச் சரிவின் பதிவுகளைச் சேர்த்தால் வேறு இனங்கள் வந்து குழப்பும். உங்கள் பதிவில் முழுப் பாட்டு இல்லாமல் குட்டையான எச்சரிக்கை ஒலி மட்டும் இருந்தால், பறவைகளைப் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் ‘சைட்டாலோபஸ், இனம் தெரியவில்லை’ என்றே பதியுங்கள்.