புலம் இருந்தும் பாயம் ஏன் பூச்சியம்?

மேசையில் படுக்கவைத்த கம்பித் தடத்தினூடான (கம்பி வளையத்தினூடான) புவிக்காந்தப் பாயம், அதாவது அதை ஊடறுத்துப் போகும் புவிக்காந்தப் புலத்தின் மொத்த அளவு, ஏறத்தாழப் பூச்சியம் என்றால், புலமே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். புலம் இருக்கிறது. திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு (புவிக்காந்தப் புலம் முற்றிலும் கிடையாக இருக்கும் கோட்டுக்கு) கிட்ட இருப்பதால், இங்கே அது தெற்கிலிருந்து வடக்காக, கிட்டத்தட்டக் கிடையாகப் போகிறது. அதாவது தடத்தை உரசிக்கொண்டு போகிறது, ஊடறுப்பதில்லை.

இனி வீட்டின் வடக்குச் சுவர் யன்னலைப் பாருங்கள். புலம் அதை நேரே ஊடறுக்கிறது. பரப்பு 1 சதுர மீற்றர், புலம் சுமார் 40 மைக்ரோதெசுலா, ஆகவே பாயம் சுமார் 40 மைக்ரோவெபர். கடலைப் பார்த்த கிழக்கு யன்னலுக்கு? மறுபடி பூச்சியத்துக்குக் கிட்டத்தான்.

சூத்திரம்: புலம் × பரப்பு × கோணத்தின் கோசைன். புலத்தின் கோணத்தைப் பரப்பிலிருந்து அளக்காதீர்கள், அதன் செவ்வனிலிருந்து (பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து) அளக்க வேண்டும். நானும் உயர்தரத்தில் இங்கேதான் புள்ளியை விட்டேன்.